இருபத்தெட்டு பேர்: தூக்க மாத்திரையை நிறுத்தக் கற்றுக்கொண்ட கதை

காசிக்குப் போனால் பிடித்த ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரும்பாலும் ஒரு காய், ஒரு பழம். கும்பகோணத்திலிருந்து எட்டு வருஷங்களுக்கு முன்பு காசிக்குக் கிளம்பிய என் பெரியம்மா வேறொன்றை விட்டார். “எல்லாரும் பாவக்காயத்தான் விடுறாங்க. அது ஒரு விடறதா? நான் மாத்திரைய விட்டுட்டேன்” என்று போனில் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

பெரியப்பா இறந்த மாதத்தில் தூக்கத்துக்காக எழுதிக்கொடுக்கப்பட்ட மாத்திரை அது. அல்பிரஸோலாம், அரை மில்லிகிராம், ராத்திரி ஒன்று. இரண்டு வாரத்துக்கு என்று தொடங்கியது பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மெடிக்கல் ஷாப் பையனுக்கு அவர் பெயரைவிட மாத்திரையின் பெயர்தான் நன்றாகத் தெரியும்.

திரும்பும் ரயிலில் ஆரம்பித்தது. இரண்டு இரவு பொட்டுத் தூக்கமில்லை. கை நடுங்கியது. டீ டம்ளரை யாரோ வைத்த சத்தம் மண்டைக்குள் இடித்தது. தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது என்று கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். ஊருக்கு வந்து பார்த்த டாக்டர், பழைய பதட்டம் திரும்பிவிட்டது என்றார். அதே மாத்திரையைக் கொடுத்து, “இனிமே ஆயுசுக்கும் இத விட்றாதீங்கம்மா” என்று அனுப்பிவைத்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்காதது ஒன்றுதான்: “விசுவநாதர்கிட்ட சொன்ன சொல்ல மீறிட்டேன்டா.”

பெரியம்மாவுக்கு நேர்ந்தது மனபலக் குறைவா, பழைய நோயா, வேறு ஏதாவதா? இதைத் தேடப் போய்தான் இந்த வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தேன். மருந்தைத் தொடங்கிய கதைகள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. கண்டுபிடித்தவர், நோபல் பரிசு, முதல் நோயாளி என்று. மருந்தை நிறுத்தக் கற்றுக்கொண்ட கதையை அபூர்வமாகத்தான் யாரும் சொல்கிறார்கள்.

*

தூக்கத்துக்கு மருந்து என்பது புதிய ஆசையல்ல. 19ஆம் நூற்றாண்டில் புரோமைடு உப்புகளும், 1869க்குப் பிறகு குளோரல் ஹைட்ரேட்டும் இருந்தன. 1903இல் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் பார்பிட்டால் என்ற சேர்மத்தை மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். கடைக்கு வெரோனால் என்ற பெயரில் வந்தது. 1912இல் பீனோபார்பிட்டால். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உலகின் தூக்கமும் அமைதியும் பெருமளவு இந்த பார்பிச்சுரேட் குடும்பத்தின் கையில் இருந்தன.

இவற்றை அதிகமாகத் தின்றால் சாவு வரும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. திடீரென நிறுத்தினாலும் ஆபத்து என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. நிறுத்தியவர்களுக்கு வலிப்பு வந்த செய்திகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மருத்துவ இதழ்களில் வந்திருந்தன. ஆங்கில மருத்துவ உலகம் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அபின் என்றால் அடிமைத்தனம் உண்டு. தூக்க மாத்திரை வெறும் பழக்கம்தான். அன்றைய எண்ணம் அதுவாக இருந்தது.

அதை உடைத்த சோதனையைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கான மத்திய அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. பாதி மருத்துவமனை, பாதி சிறை. அங்கே ஆய்வு மையத்தின் பொறுப்பில் இருந்தவர் ஹாரிஸ் இஸ்பெல். முன்பு மார்ஃபினுக்கு அடிமையாக இருந்த ஐந்து கைதிகளுக்கு அவர் குழு மாதக்கணக்கில் அதிக அளவில் பார்பிச்சுரேட் கொடுத்தது. பிறகு ஒரே நாளில் நிறுத்தியது. முதல் சில மணி நேரம் அவர்கள் தெளிந்ததுபோல் தெரிந்தார்கள். அதன் பின் நடுக்கம், பலவீனம், வாந்தி. அடுத்த சில நாட்களில் அவர்களில் பெரும்பாலானோருக்கு வலிப்பு வந்தது. இல்லாத உருவங்களைப் பார்த்து அலறும் பிரமை நிலைக்கும் போனார்கள். 1950இல் முடிவு வெளியானது.

அந்த மையத்தில் சோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்கு சன்மானமாகத் தண்டனைக் குறைப்போ, போதை மருந்தோ கொடுக்கப்பட்டது என்பது 1970களில் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்தது. கைதிகள் மீதான ஆராய்ச்சி அத்தோடு அங்கே நின்றது. ஆனால் அபினை நிறுத்துவது மரண வேதனை என்றாலும் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்துவது கொன்றுவிடக்கூடும் என்ற அறிவு அந்த ஐந்து பேரின் உடம்பிலிருந்துதான் உறுதிப்பட்டது. அவர்கள் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

*

பார்பிச்சுரேட்டின் கெட்ட பெயர்தான் புதிய மாத்திரைகளுக்கு வாசல் திறந்தது. 1955இல் மெப்ரோபமேட், மில்டவுன் என்ற பெயரில் வந்து அமெரிக்காவைப் பித்துப்பிடிக்க வைத்தது. பிறகு லியோ ஸ்டெர்ன்பாக் வந்தார்.

ஸ்டெர்ன்பாக் போலந்தில் படித்த யூத வேதியியலாளர். ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகத்தில், தன் மாணவப் பருவத்தில் சாயப்பொருளுக்காக ஆராய்ந்த சேர்மங்களையே மீண்டும் எடுத்து, மருந்தாகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பயனில்லை என்று வேலை கைவிடப்பட்டது. 1957இல் ஆய்வக மேசையை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு படிகத்தைச் சக ஊழியர் ஒருவர் கண்டெடுத்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், மயங்காமலேயே சாந்தமாயின. அது 1960இல் லிப்ரியம் ஆனது. 1963இல் அதன் தம்பி வேலியம், அதாவது டயஸெபாம். இவைதான் பென்ஸோடயஸெபின்கள். பெரியம்மாவின் அல்பிரஸோலாமும் இந்தக் குடும்பத்துப் பேத்திதான்.

அதிகமாகச் சாப்பிட்டாலும் இவை தனியாகப் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. பார்பிச்சுரேட்டோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம், அதை மறுக்கக் கூடாது. 1968 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்து வேலியம். மாத்திரை வாங்கியவர்களில் பெண்களே அதிகம்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. லிப்ரியம் கடைக்கு வந்த மறு வருஷமே, 1961இல், லியோ ஹோலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். மனநோயாளிகளுக்கு மாதக்கணக்கில் அதிக அளவு லிப்ரியம் கொடுத்து, பதினோரு பேருக்கு மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் வெறும் மாவு மாத்திரைக்கு மாற்றினார். பத்து பேருக்குப் புதிய உபாதைகள் வந்தன. இரண்டு பேருக்கு வலிப்பு. அதிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இவை பார்பிச்சுரேட்டைப் போல் உடனே வரவில்லை, சில நாள் கழித்து மெதுவாக வந்தன. உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து மெதுவாகத்தான் பழி தீர்க்கிறது.

மருத்துவ உலகம் இதைப் படித்துவிட்டு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது: அது அதிக அளவு, நாம் எழுதுவது சின்ன அளவு, அதில் ஒன்றும் வராது.

இருபது வருஷம் அந்தச் சமாதானம் நீடித்தது. 1980இல் பிரிட்டனின் மருந்து மறுஆய்வுக் குழு ஒரு கணக்குச் சொன்னது. 1960 முதல் 1977 வரை நாடு முழுவதும் பென்ஸோடயஸெபின்களைச் சார்ந்துபோனவர்கள் என மதிப்பிடப்பட்டவர்கள் 28 பேர். அந்த நாட்டில் வருஷத்துக்குக் கோடிக்கணக்கான சீட்டுகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதிப் பேர் எல்லாம் எங்கே இருந்தார்கள் என்றுதான் தோன்றியது. எங்கள் வீட்டுப் பெரியம்மா இருந்த இடத்தில்தான் இருந்திருப்பார்கள்: பழைய பதட்டம் திரும்பிவிட்டது என்ற குறிப்புக்குள்.

*

இங்கே உடம்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பைக் குறைப்பது அதன் வேலை. பென்ஸோடயஸெபின் அந்த காபாவின் கையை வலுப்படுத்துகிறது. மூளையில் இந்த மாத்திரை போய் ஒட்டும் இடம் எது என்று 1977இல்தான் கண்டுபிடித்தார்கள்.

வடம் இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மாத்திரை இழுக்கிறது. மூளை சும்மா இருக்காது, நிலையில் நிற்க வேண்டுமே என்று எதிர்ப்பக்கம் சாய்ந்து இழுக்கப் பழகுகிறது. மாதங்கள் போகப் போக அந்தச் சாய்வே அதன் இயல்பாகிவிடும். இப்போது மாத்திரை திடீரென்று வடத்தை விட்டுவிட்டால்? எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவன் மல்லாக்க விழுவான். நடுக்கம், தூக்கமின்மை, சத்தம் தாங்காமை, தோலில் எறும்பு, மோசமானால் வலிப்பு எல்லாமே அந்த விழுகைதான். வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் அவனும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துவிடுவான்.

இதில் ஒழுக்கத்துக்கோ மனபலத்துக்கோ எந்த இடமும் இல்லை. சொன்ன அளவை, சொன்ன நேரத்தில், ஒரு வேளை கூடக் கூட்டாமல் சாப்பிட்டவருக்கும் இது வரும். 1981இல் லண்டனில் பெட்டுர்ஸனும் மால்கம் லேடரும் இதைத்தான் காட்டினார்கள். டாக்டர் எழுதிய சாதாரண அளவில் நீண்டகாலம் மாத்திரை எடுத்த பதினாறு பேரிடம் நிறுத்திப் பார்த்தார்கள். பதினாறு பேருக்கும் ஏதோ ஒரு வகையில் விலகல் உபாதை வந்தது. சின்ன அளவில் ஒன்றும் வராது என்ற சமாதானம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹெதர் ஆஷ்டன். 1929இல் டேராடூனில் பிறந்தவர். அப்பா ஹாரி சாம்பியன், அங்கே வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய காட்டியல் அறிஞர். நம் ஊர்க் காடுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1936இல் இந்தியக் காடுகளை வகைபிரித்தவர், பின்னால் 1968இல் சேத்துடன் சேர்ந்து அதைத் திருத்தி எழுதியவர். நீலகிரி, பழனி மலைகளின் சோலைகளை வனத்துறை இன்றும் குறிப்பிடுவது அந்த வகைபிரிப்பை வைத்துத்தான். அப்பா காடுகளுக்குச் செய்ததை மகள் நோயாளிகளின் அனுபவங்களுக்குச் செய்தார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: பொறுமையாகப் பார்த்து, பெயர் வைத்து, எழுதி வைத்தார்.

இங்கிலாந்தின் வடக்கே நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்தார் ஆஷ்டன். 1982இல், இந்த மாத்திரைகளை நிறுத்த விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு கிளினிக் தொடங்கினார். அது 1994 வரை நடந்தது. சுமார் முந்நூறு பேர் வந்தார்கள். பலரும் வேறிடங்களில் சட்டென நிறுத்தப்பட்டு நொந்து போனவர்கள், ‘உனக்கு எல்லாம் மனசுலதான்’ என்று அனுப்பப்பட்டவர்கள். ஆஷ்டன் அவர்கள் சொன்னதை நம்பினார். கேட்டு எழுதிக்கொண்டார். எந்த வேகத்தில் குறைத்தால் யாருக்குத் தாங்குகிறது என்பதை அவர்களிடமிருந்தே கற்றார்.

1999இல் அதையெல்லாம் திரட்டி ஒரு கையேடு எழுதினார். ஆஷ்டன் கையேடு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதன் சாரம் எளிமையானது. முதலில், ஒருபோதும் சட்டென நிறுத்தாதே. அல்பிரஸோலாம் போன்ற மருந்துகள் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும், எனவே ஒரு நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கும். ஆகவே நீண்டநேரம் தங்கும் டயஸெபாமுக்குப் படிப்படியாக மாறு. அரை மில்லிகிராம் அல்பிரஸோலாம் அவர் கணக்கில் பத்து மில்லிகிராம் டயஸெபாமுக்குச் சமம். இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். பெரியம்மாவின் அந்தப் பொட்டு மாத்திரை பத்து மில்லிகிராம் வேலியத்துக்குச் சமமா!

பிறகு, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது இருக்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறை. 40 மில்லிகிராமில் இருப்பவர் 20க்கு வரவே 10 முதல் 20 வாரம் ஆகலாம். கஷ்டமாக இருந்தால் அதே படியில் நில், பின்னால் போகாமலிருக்கப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகத்தைத் தீர்மானிப்பவர் நோயாளி. டாக்டர் கூட நிற்கிறார், தள்ளுவதில்லை. தன் கிளினிக்குக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் நிறுத்திவிட்டார்கள் என்று ஆஷ்டன் எழுதியிருக்கிறார். 2019 செப்டம்பரில், தொண்ணூறு வயதில் அவர் காலமானார்.

*

மருத்துவ அமைப்புகள் இதற்கு இன்னும் மெதுவாக வந்தன. 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்த மாத்திரைகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் எழுத வேண்டாம் என்றது. எட்டு வருஷத்துக்கு முன் 28 பேர் என்று கணக்குச் சொன்ன அதே நாட்டில், மருந்து நிறுவனங்கள் மீது சுமார் 14,000 பேர் வழக்குத் தொடுக்க முன்வந்தார்கள். சட்ட உதவிப் பணம் நிறுத்தப்பட்டதும் வழக்கு விசாரணைக்கு வராமலேயே 1990களில் சரிந்தது. அமெரிக்காவின் எஃப்டிஏ, இந்தக் குடும்பத்து மாத்திரைகள் எல்லாவற்றுக்குமான கட்டமிட்ட எச்சரிக்கையில் சார்புநிலையையும் விலகல் ஆபத்தையும் சேர்த்தது 2020இல். ஹோலிஸ்டரின் சோதனைக்கும் அதற்கும் நடுவில் ஐம்பத்தொன்பது வருஷம்.

இந்தியாவில் 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1இல் அல்பிரஸோலாமும் டயஸெபாமும் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வாசலில் காவல் நிற்கிறது. உள்ளே ஏற்கெனவே பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவரை எப்படி வெளியே அழைத்து வருவது என்று அது சொல்வதில்லை. இன்னும் சொன்னால், கடையில் திடீரென்று மாத்திரை மறுக்கப்படுகிறவருக்கு, தன்னையறியாமல் இன்னொரு லெக்சிங்டன் நடந்துவிடலாம்.

இந்தப் பாடம் தூக்க மாத்திரையோடு முடிவதுமில்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர் சட்டென நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி எழுந்திருக்காமல் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்த அழுத்தத்துக்கான குளோனிடினை நிறுத்தினால் அழுத்தம் எகிறும். இதயத்துக்காக எடுக்கும் ப்ரோப்ரனலாலை நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபெனை நிறுத்தினால் வலிப்பு வரலாம். இவற்றை யாரும் போதை என்று சொல்வதில்லை. அதனாலேயே நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

மனச்சோர்வு மாத்திரைகளின் கதையும் இதே பாதையில்தான் வந்தது. 2019இல் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் எழுதிய கட்டுரை ஒரு கணக்கை முன்வைத்தது. சிட்டலோப்ராம் 20 மில்லிகிராம், மூளையில் அது பிடிக்க வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியைப் பாதியாக்க 10 மில்லிகிராமுக்கு இறங்கினால் போதாது. இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் வரை இறங்க வேண்டும். அதாவது மலையிலிருந்து இறங்கும்போது கடைசிச் சில அடிகள்தான் செங்குத்து. பாதி, அதில் பாதி, பிறகு ஒன்றுமில்லை என்று குறைப்பவர்கள் பலரும் கடைசிப் படியில்தான் விழுகிறார்கள். ஹோரோவிட்ஸ் ஒரு மனநல மருத்துவர். தானே அந்த மாத்திரையை விட முயன்று விழுந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தார்.

*

பெரியம்மாவை வேறொரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நான் சொல்லத் தொடங்கியதுமே அவர் கையமர்த்திவிட்டு, “அம்மா, நீங்க சொல்லுங்க” என்றார். எறும்பு ஊர்ந்த கதையைப் பெரியம்மா சொன்னார். “அது மாத்திரை விட்டதால வந்ததுங்கம்மா. உங்களுக்குப் பழைய வியாதி இல்ல. விடலாம். ஆனா மெதுவா விடலாம்.” அந்த ஒரு வாக்கியத்திலேயே பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது.

வயதையும், தடுக்கி விழும் பயத்தையும் யோசித்து, அவர் டயஸெபாமுக்குப் பதில் குளோனஸெபாமுக்கு மாற்றினார். பிறகு மாதாமாதம் ஒரு துணுக்குக் குறைப்பு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இது அவருக்கு, அவர் உடம்பைப் பார்த்துப் போட்ட கணக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நறுக்க ஆரம்பிக்க வேண்டாம். முன்பு வலிப்பு வந்தவர்கள், அதிக அளவில் எடுப்பவர்கள், குடிப்பழக்கமும் சேர்ந்து உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் வைத்துத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

அண்ணன் வாங்கிவந்த சின்னக் கட்டரில் மாத்திரையை நாலாக வெட்டி, கிழமை எழுதிய டப்பாவில் போட்டு வைப்பது பெரியம்மாவே செய்த வேலை. நாலாவது மாதம் மிகவும் கஷ்டப்பட்டார். அந்த மாதம் குறைக்கவில்லை, அதே படியில் நின்றார். மொத்தம் பத்து மாதம் ஆயிற்று.

கடைசித் துணுக்கை நிறுத்தி மூன்று வாரம் கழித்துப் போன் செய்தேன். தூக்கம் எப்படி என்று கேட்டேன்.

“நாலு மணிக்கே முழிச்சிக்குது. ஆனா அது வயசு. பரவால்ல. விட்டது என்னவோ காசியிலதான்டா. வீடு வந்து சேரத்தான் இத்தன மாசம் ஆயிடுச்சு.”

பிறகு, பக்கத்து வீட்டு மாமியும் இதே மாத்திரையை ஏழு வருஷமாகச் சாப்பிடுகிறாராம், அந்த டாக்டர் நம்பரைக் கொடு என்று கேட்டார். கொடுத்தேன்.